அறிக்கையின் ஒரே பிரதி

ஈவாஞ்சலின் நூலகத்துக்கு வந்தபோது மதியம் மூன்று மணி. வெளியே மழை, கரண்டும் இல்லை. கழிவுப் புத்தகங்களை ஏற்ற நாலு மணிக்கு லாரி வந்துவிடும்.

“விஜிலாக்கா, அப்பா படகு மூழ்குனதுக்கு கவர்மென்ட் விசாரணை அறிக்கை ஒண்ணு போட்டாவல்லா, அதுல அப்பா பேரு வார பக்கம் வேணும். நாளைக்கு கோர்ட்டுல காட்டணும். அப்பா எங்கயோ ஓடிப்போயிட்டாவன்னு சொல்லுதாவ. ஆபீஸ்ல பைல் இல்லையாம். வெப்சைட்லயும் எடுத்துட்டாவ.”

சங்கு குளிக்கப் போய்த் திரும்பாத ஏழு பேரைப் பற்றிய அறிக்கை அது. நேற்றுத்தான் அதில் ‘நீக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி மூட்டை கட்டியிருந்தேன். ஐந்து வருடம் யாரும் எடுத்துப்போகாத புத்தகங்களை நீக்கலாம் என்று உத்தரவு. அரசு அறிக்கைகளை வீட்டுக்குக் கொடுக்கக்கூடாது என்பதும் எங்கள் விதிதான். கொடுக்காததை யார் எடுத்துப்போயிருக்க முடியும்? என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

பின்னறையில் செல்போன் வெளிச்சத்தில் இருவரும் மூட்டைகளைப் பிரித்தோம். பழந்தாள் வாடையோடு கடல்வாடையும் வந்தது. கடலோர ஊர்தானே என்று நான் பெரிதுபடுத்தவில்லை.

பிறகுதான் கேட்டது.

யாரோ நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கும் சத்தம்.

இழுத்த மூச்சு வெளியே வரவில்லை.

“ஏளா, நீயா?”

“இல்லக்கா.” அவள் குரல் இறங்கிவிட்டது. “அப்பா முங்குததுக்கு முன்ன இப்படித்தான் இழுப்பாவ.”

சுவரோரம் இன்னொன்று. அடுத்தது என் முதுகுக்குப் பின்னால். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன்.

ஏழு.

ஓடிவிடலாம் போலிருந்தது. அவள் அழுதுகொண்டே அடுத்த கயிற்றை அவிழ்த்தாள். அவளை விட்டுவிட்டு எப்படிப் போவது?

கடைசி மூட்டையில் அறிக்கை இருந்தது. அட்டை காய்ந்திருந்தது, பெயர்ப்பட்டியல் இருந்த பக்கம் மட்டும் ஈரம். ‘ரோச், வயது 41.’ அவள் அந்த வரியைத் தொட்டுக்கொண்டே நின்றாள்.

கரண்டு வந்ததும் ஜெராக்ஸ் எடுத்து, நூலக முத்திரை வைத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிய நொடியில், எங்களுக்கு நடுவே ஒரு மூச்சு நீளமாக வெளியேறியது. ஈவாஞ்சலின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

லாரி ஹாரன் அடித்தது. “செல்வதுரை அண்ணாச்சி, ஒரு கட்டும் வராது, போங்க” என்றேன். மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வதென்று அப்போது யோசிக்கவில்லை.

மூன்று வாரமாக ஜெராக்ஸ் பிரதிகளோடு மற்ற ஆறு பேரின் வீடுகளைத் தேடி அலைகிறேன். இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. மற்ற நாலு குடும்பங்களும் எங்கே போயினவென்றே தெரியவில்லை.

பின்னறையில் ஆறு பேர் இன்னும் மூச்சு விடவில்லை.