சீனியின் கழுத்துப்பட்டை

கோட்டையூரின் அந்தப் பெரிய வீட்டுக்குள் ஜரீனா நுழைந்தபோது திங்கட்கிழமை உச்சிப்பொழுது. கையில் ஒரு பெட்டி, 'டிக்... டிக்' என்றது. அபுதாபியில் அரபியின் ராஜாளிகளைப் பழக்கும் அவள் புருஷன் பாசில், பறவை தொலைந்தால் தேடுகிற கருவியை அவள் பூனைக்கென்று கொடுத்தனுப்பியிருந்தான். பூனையின் கழுத்துப்பட்டையில் சமிக்ஞை அனுப்பும் ஒரு பொத்தான். நெருங்க நெருங்கப் பெட்டி வேகமாக அடிக்கும். முன்பு இரண்டு பூனைகளை லாரிக்குக் கொடுத்தவள், சீனியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்தாள். அப்படியும் காலையிலிருந்து காணோம்.

வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில், பூட்டிய ஓர் அறை முன் பெட்டி படபடவென்று அடித்தது. உள்ளே ஏதோ சுரண்டியது.

காவல்காரர் பெத்தனிடம் திறக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"அது தேனம்மை ஆச்சி பங்கு, தாயி. ஆச்சி செத்து ஆறு வருசமாச்சு. மெட்ராசுலேர்ந்து மகன் வராம நான் பூட்டுல கை வைக்க முடியாது."

பங்காளிகள் அறை அறையாகப் பிரித்துக்கொண்ட வீடு. ஒருவர் பூட்டை இன்னொருவர் தொட்டால் வெட்டுக்குத்துதான். மகன் வெள்ளிக்கிழமை வருவாராம். அதுவரை சீனி பட்டினியில் செத்துப்போகுமே என்று ஜரீனா அறையைச் சுற்றி வந்து பார்த்தாள். சன்னலில் ஒரு பலகை உடைந்திருந்தது. கம்பிக்குள் கைவிட்டுக் கிண்ணத்தில் பால் வைத்தாள். உள்ளே கும்மிருட்டு. மக்கிய பட்டுச்சேலை வாடை.

"சீனி... குடிடா தங்கம்."

நக்கும் சத்தம் கேட்டது. அப்பாடா என்றிருந்தது.

மூன்று நாளும் வேளை தவறவில்லை. புதன்கிழமை கிண்ணத்தை எடுக்கையில் ஒரு நாக்கு அவள் விரலை நக்கியது. பூனை நாக்கு சொரசொரக்கும்.

இது வழுவழுவென்று இருந்தது.

பாவம், தாகமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் லாரிக்காரர் அல்லாபிச்சை அவள் வீட்டுக்கே சாக்கோடு வந்தார். சாக்குக்குள் சீனி, உடம்பெல்லாம் தவிடு.

"திங்கக்கிழமை காலைலயே என் லாரியில ஏறிருச்சு போல. மூணு நாளா புதுவயல் மில்லுலதான் கெடந்துச்சு."

கழுத்தில் பட்டை இல்லை.

அவர் போனபின் ஜரீனா சீனியின் வெறுங்கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அப்படியானால் யாருக்குப் பால் ஊற்றினேன்?

அலமாரியில் இருந்த பெட்டி மெல்ல அடித்தது.

பிறகு வேகமாக.

இன்னும் வேகமாக.

சீனி முடி சிலிர்த்து வாசலையே பார்த்தது. வெளியே காலடிச் சத்தம்கூட இல்லை. பால் வைக்கும் நேரம் தாண்டியிருந்தது.

ஜரீனா கதவை இடுக்காகத் திறந்து, பால் கிண்ணத்தை வெளியே தள்ளித் தாழிட்டாள்.

"குடிச்சிட்டுப் போயிருவீகல்ல ஆச்சி? எம்புள்ளய விட்ருங்க."

பூனையை மடியில் இறுக்கிக்கொண்டு, தெரிந்ததையெல்லாம் ஓதியபடியே உட்கார்ந்திருந்தாள்.

விடிந்து பார்த்தாள். தாழ் போட்டது போட்டபடி இருந்தது.

காலிக் கிண்ணம் சீனி படுக்கும் கட்டிலடியில் கிடந்தது.