மூன்று மில்லிமீற்றர்

யாரும் அள்ளாத கிணற்றில் தண்ணீர் மூன்று மில்லிமீற்றர் இறங்கியிருந்தது.

யதுர்சிகா குழம்பை அடுப்பிலிருந்து இறக்கிவைத்து, கையை உடுத்திருந்த சோட்டியில் துடைத்துக்கொண்டு லப்ரொப்பின் முன் குந்தியபோதுதான் அதைக் கண்டாள். பின்னேரம் முழுக்கக் கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்த 2140, சொல்லாமல் கொள்ளாமல் 2137 ஆகியிருந்தது. வாளி கதவடியில் கவிழ்ந்தபடியே கிடந்தது. கயிறு காய்ந்திருந்தது.

சண்டை ஓய்ந்து பாப்பாமோட்டைக்குத் திரும்பி வந்த சனத்துக்கு நல்லதண்ணீர் என்று மிஞ்சியது இவர்களுடைய வளவுக் கிணறு ஒன்றுதான். கோடையில் அது எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, அவள் வேலைசெய்யும் தண்ணீர்த் திட்டக் கந்தோர் கிணற்றுக்குள் ஒரு சென்சரை இறக்கியிருந்தது. அது மில்லிமீற்றரில் அளக்கும் தண்ணீர் மட்டம் நீள வயர் வழியே ஜன்னலால் வந்து, பழைய லப்ரொப்பின் சீரியல் போர்ட்டில் ஏறும். லினக்ஸ் அதை நேரம் போட்டு ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். நித்திரை கொள்ளாத, பொய் சொல்லத் தெரியாத சாமான். அதனாலேயே அவளுக்கு அதில் ஒரு பிரியம்.

வயரைக் கழற்றித் திருப்பிக் கொழுவினாள். புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். 2137. 2137. பொய் சொல்லத் தெரியாத சாமான் சொன்னதையே சொன்னது.

சென்சர் பூட்டிய அன்று, கந்தோர்ப் பெடியன் மில்ரன் சோதனைக்காகக் கிணற்றுக்குள் இறங்கித் தலையோடு முங்கினான். மட்டம் பதினொரு மில்லிமீற்றர் ஏறியது. அவன் வெளியே வந்ததும் அதேயளவு இறங்கியது. "பாத்தியளோ அக்கா, என்ர நிறையை உங்கட மிசின் கண்டுபிடிச்சிட்டுது" என்று பல்லைக் காட்டினான். ஐம்பத்தைந்து கிலோ ஆளுக்குப் பதினொன்று. அப்படியென்றால் மூன்றுக்கு? வேண்டாமென்று சொல்லச் சொல்ல மூளை கணக்கைப் போட்டது. பதினைந்து கிலோ. போன கிளினிக்கில் மகள் ஹம்சிகாவை நிறுத்தபோது வந்த நிறை.

அறைக்குள் ஓடினாள். நுளம்பு வலைக்குள் பிள்ளை சுருண்டு படுத்து, வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். யதுர்சிகாவுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. பிள்ளை விழுந்திருந்தால் மட்டம் ஏறியல்லவா இருக்கவேண்டும், மடைச்சி. இது இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் உள்ளே இருந்த ஏதோ ஒன்று...

அந்த இடத்தில் நினைப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஆனால் நினைப்பு நின்றதா என்ன? வந்த புதிதில் அந்தக் கிணற்றை இறைத்தார்கள். தகரம், பனைமட்டை, சேறு எல்லாம் வந்த பிறகு, அடியில் செருப்புகள் கிடந்தன. ஆண்களுடையது, பெண்களுடையது, பெரியது, சின்னது. செருப்புகள் மட்டும்தான். எல்லாவற்றையும் கிடங்கு வெட்டித் தாட்டார்கள். ஒரு சோடியை மட்டும் யதுர்சிகா ஒளித்து வைத்தாள். சின்னச் சிவப்புச் சோடி, வார் கூட அறவில்லை. ஹம்சிகா முகாமிலிருந்து வெறுங்காலோடு வந்த பிள்ளை. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொடுத்தாள். அளவெடுத்த மாதிரி இருந்தது.

இன்று பின்னேரம்தான் ஹம்சிகா கேட்டாள். "அம்மா, இது என்ர செருப்புத்தானே?"

"ஓம், உன்ரதான்."

"அப்ப அவ என்னத்தைப் போடுறது?"

"எவ?"

பிள்ளை கிணற்றுப் பக்கம் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை. இப்போது அந்த 'அவ' நெஞ்சுக்குள் கிடந்து உருண்டது.

வெளியே காற்று விழுந்திருந்தது. பனைகள் அசையவில்லை, அயல் வளவு நாய்கூடக் குரைக்கவில்லை, ஜன்னலால் வழக்கமாக வரும் காய்ந்த வைக்கல் மணத்தை மூடிக்கொண்டு இறைத்த கிணற்றின் அடிச்சேற்று மணம், அன்றைக்கு வந்த அதே மணம், உள்ளே வந்துகொண்டிருந்தது. எங்கேயோ சீமெந்தில் ஈரமான எதுவோ பட்டு எடுபடும் சத்தம். சப். கொஞ்சம் பொறுத்து, சப்.

கணவன் பிரணவனோடு கதைத்தால் போதும் என்றிருந்தது. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீருக்கு இன்றைக்கு இவர்களுடைய முறை. அவன் வயலில் நின்றான். போனுக்குப் வளவுப் படலையடியில்தான் சிக்னல் பிடிக்கும். லாம்பை எடுத்துக்கொண்டு வாசலில் தன் செருப்பைத் தேடினாள். பக்கத்தில் கிடக்கும் சிவப்புச் சோடியைக் காணவில்லை. நாய் இழுத்திருக்கும் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைக்க விரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, எப்ப வாறியள்?"

"இப்பத்தானே தண்ணி எங்கட பக்கம் திரும்பினது. விடியத்தான் வருவன். ஏனப்பா?"

"கிணத்தடியில ஏதோ சத்தம். எனக்குப் பயமாக் கிடக்கு."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தவளையா இருக்கும்."

தவளை பதினைந்து கிலோ இருக்காது என்று அவள் சொல்ல வாயெடுத்தபோது, வீட்டுக்குப் பின்னால் தொபுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. தண்ணீரில் எதுவோ விழுந்த சத்தம்.

"ஓம்," என்றாள், மூச்சை விட்டபடி. "தவளைதான். இப்ப குதிச்சது கேட்டுது."

திரும்பி வந்தவள் நேரே அறைக்குள் போனாள். வலைக்குள் பிள்ளை படுத்திருந்தாள். இனித் தனியே விடுவதில்லை என்று வாரித் தூக்கினாள். சின்னக் கைகள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. முகம் தோளில் புதைந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து லப்ரொப்பின் முன் இருந்தாள்.

2140.

பழைய மட்டம். கணக்குச் சரி. வெளியே வந்தது எதுவோ, அது திரும்பிப் போய்விட்டது. யதுர்சிகாவுக்கு அழுகை வந்தது. பிள்ளையின் உச்சியில் கொஞ்சினாள்.

தலை ஈரம்.

வியர்வை. பிள்ளைக்கு வேர்த்திருக்கு.

சேறு மணத்தது. ஜன்னலிலிருந்து அல்ல. கிட்ட. மூக்கடியில்.

அவளுடைய மடியில் ஏதோ சொட்டியது. லாம்பைத் தாழ்த்தினாள். தொங்கிய இரண்டு கால்களிலும் சிவப்புச் செருப்பு.

"அம்மா."

கிணற்றுக்குள்ளிருந்து.

ஹம்சிகாவின் குரல். தண்ணீர் குடித்த குரல்.

எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. பதினைந்து கிலோதான். முடியவில்லை. கழுத்தில் கைகள் இறுகின. தோளில் புதைந்த முகம் நிமிரவில்லை. கண் மட்டும் திரையில்.

2143. 2138. 2142.

"அம்மா."

2139. 2141.

2140.

2140.

2140.