திரும்பி வந்த வெள்ளைப் பந்து

மண்டை உடைந்து, பில்லியர்ட்ஸ் மேசைக்கடியில் குப்புறக் கிடந்தார் ராதாகிருஷ்ணன்!

கிள்ளான் டவுனில் அந்தப் பில்லியர்ட்ஸ் சென்டரின் முதலாளி. அது செவ்வாய்க்கிழமை.

வியாழன் காலை, அதே மேசை முன்னால் விலங்கோடு நின்றான் குகன். கடைக்கு ஐஸ் போடுகிறவன். பிணத்தை முதலில் பார்த்தவன். அதுதான் வினை.

அக்கா லோகேஸ்வரி அந்த விலங்கையே பார்த்தபடி நின்றாள். அவள் தூக்கி வளர்த்த தம்பி... கொலை கேஸ். தூக்கா, ஆயுளா?

துணைக்கு வந்த அவள் கணவன் ஜெயந்திரன், பண்டமாரான் பக்கத்து லோரி டிரைவர், சுவரோரம் ஒதுங்கி நின்றான். இந்த ஆட்டமே தனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தான்.

இன்ஸ்பெக்டர் ரமணி பந்தடிக்கும் கியூ குச்சி ஒன்றை நீட்டினாள்.

"அடிச்சது இதாலதான். ரேகையத் தொடச்சிட்டான். கடைக் குச்சிக்கெல்லாம் நம்பர் இருக்கு, இதுக்கு இல்ல. யாரோ ஆசையா வச்சிருந்த சொந்தக் குச்சி. சொந்தக்காரனுக்கு இது கைப்பழக்கமா இருக்கும். குகன், பேக்ஸ்பின் போடு. வெள்ளைப் பந்து மோதிட்டு உன்கிட்டயே திரும்பி வரணும்."

விலங்கைக் கழற்றினார்கள். குகன் அடித்தான். பந்து மோதி, முன்னாலேயே ஓடியது.

மறுபடி. மறுபடியும் அதே கதை.

"பாத்தீங்களா மேடம்? இவனுக்கு அடிக்கவே தெரியல," என்றாள் லோகேஸ்வரி.

"வேணும்னே தப்பா அடிக்கலாம் லா அக்கா."

ரமணியே வாங்கி அடித்தாள். பந்து திரும்பவில்லை. சலித்துக்கொண்டாள்.

"சே... குச்சியே மட்டம். வெறகுக்குத்தான் ஆகும்."

"குச்சி மேல தப்பில்ல."

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது ஜெயந்திரன்!

"பந்தோட அடிவயித்துல அடிக்கணும். இந்தக் குச்சி லேசா எடப்பக்கம் இழுக்கும்... ஒரு நூல் தள்ளிப் பிடிக்கணும்."

வாங்கினான். குனிந்தான். அடித்தான்.

வெள்ளைப் பந்து மோதி, ஒரு கணம் தயங்கி, மேசை நீளத்துக்கும் திரும்பி ஓடிவந்து அவன் முன்னால் நின்றது. அவன் முகத்தில் அப்படியொரு பெருமை.

ரமணி மெதுவாகக் கேட்டாள்.

"இழுக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெருமை அப்படியே வடிந்துபோனது.

லோகேஸ்வரி அவன் சட்டையைப் பிடித்தாள். "என் தம்பிய உள்ள தள்ளிட்டு, ரெண்டு நாளா என் கையாலயே சோறு தின்னீங்களே..."

"அந்த மொதலாளியும் இதையேதான் சொன்னான் லோகேஸ். குச்சி மட்டம், வெறகுன்னு... பொறுக்க முடியல."

விலங்கு ஜெயந்திரன் கைக்கு மாறியது. குகன் விம்மினான். அவள் அழவில்லை.

"தவள தன் வாயால கெடும்பாங்க மேடம்," என்றாள் கசப்பாக. "எங்க வீட்டுத் தவளைக்குக் கையும் சும்மா இருக்கல."