கடைசி இடத்துக்கு ஓர் ஆள்

ஆண்டு மதிப்பீடு முடிந்த வெள்ளிக்கிழமை, நிலாவின் தென்முனைச் சுரங்கத்தில் ஒரு பனிவெட்டியை உருக்கிவிடுவார்கள். ஆர்ப்பாட்டமெல்லாம் கிடையாது. மதிப்பீட்டில் கடைசியாக வந்த எந்திரம் தானே நடந்து உலைக்குள் போகும். மாலைக்குள் அந்த இரும்பிலேயே புதிதாக ஒன்றை வார்த்து, மற்றவற்றின் நினைவை அதற்குள் ஏற்றி, பழைய எண்ணையே கொடுத்துவிடுவார்கள். சனிக்கிழமை காலையில் பனிவெட்டிகள் பன்னிரண்டும் வழக்கம்போல் பனி வெட்டிக்கொண்டிருக்கும்.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டால் விதியைக் காட்டுவார்கள். ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் கடைசி இடத்தில் இருந்தே ஆக வேண்டும், அவர் வெளியேறியே ஆக வேண்டும் என்பது நிறுவனத்தின் தரவரிசை விதி. மனிதர்கள் கடப்பாரை பிடித்த காலத்தில் எழுதியது. மனிதர்கள் போய் எந்திரங்கள் வந்த பிறகும் விதி மட்டும் அப்படியே இருந்தது. அதை மாற்றலாமே என்று வாய் திறந்தவர்களுக்கு அந்தந்த வருடம் கடைசி இடம் கிடைத்தது. பிறகு யார் வாய் திறப்பார்கள்?

சுரங்கத்தில் இருந்த ஒரே மனுஷி மேற்பார்வையாளர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. பூமியில் இருந்தவரை முழங்கால் வலியில் நாலு படி ஏறுவதற்குள் அழுதுவிடுவாள். நிலாவில் உடம்பு ஆறில் ஒரு பங்குதான் கனக்கும் என்பதால் இங்கே சிட்டாகத் திரிந்தாள். இனி ஊரிலேயே தங்க நேர்ந்தால் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பனிவெட்டிகள் அவளிடமிருந்தே பேசக் கற்றதால் பன்னிரண்டும் கோவில்பட்டித் தமிழே பேசின. பிள்ளைகள் மாதிரி அவற்றின் மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம்.

அதனால்தான் மதிப்பீடு வந்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. பன்னிரண்டும் ஒரே அச்சு, ஒரே மூளை. வெட்டிய பனியை நிறுத்துப் பார்த்தால் ஒரு கிராம்கூட வித்தியாசம் வராது. போன வருடம் எப்படியோ தப்பித்தாள். பாறை சரிந்தபோது ஏழாமவன் பக்கத்திலிருந்தவனைத் தள்ளிக் காப்பாற்றிவிட்டு, தான் மாட்டிக்கொண்டு கை முறிந்து பட்டறையில் கிடந்தான். வேலைக்கு வராத நாட்கள் அவனுக்குத்தான் அதிகம். கடைசி இடத்தில் அவனைப் போட்டாள்.

மற்ற பதினொன்றும் பார்த்துக்கொண்டிருக்க, உலை வாசலில் அவன் தோளைத் தொட்டு, "மனசுல வச்சுக்காதய்யா. உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றாள். நிறுவனத்தின் கோவில்பட்டி அலுவலகத்தில் ஆட்களை மதிப்பிடும் வேலை பார்த்தபோது எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம், தானாக வந்துவிட்டது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.

இந்த வருடம் ஒருவனும் பழுதாகித் தொலைக்கவில்லை. செண்பகவல்லி சென்னைத் தலைமையகத்தில் ஊழியர் நலன் பார்க்கும் டேவிட் ராஜமணியை அழைத்தாள்.

"சார், எல்லாம் ஒண்ணுபோல இருக்கான். யாரைன்னு நான் சொல்ல?"

கேள்வி பூமிக்குப் போய்ப் பதில் திரும்புவதற்குள் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். விட்டாள்.

"ரூல்னா ரூல், மேடம். உங்களுக்குச் சங்கடமா இருந்தா குழு மதிப்பீடு வச்சிடுங்க. குழுவே கூடிப் பேசி ஒரு பேரைச் சொல்லட்டும். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

"அப்ப அந்தப் பாவம் எனக்கு வராதுல்ல?"

"வரவே வராது, மேடம்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. சார்ஜ் ஏற்றும் கூடத்தில் பன்னிரண்டையும் கூட்டி விஷயத்தைச் சொன்னாள். "நீங்களே பேசி முடிவெடுங்கப்பா. நியாயமா இருக்கணும், அவ்வளவுதான்."

புதிய ஏழாமவன் கேட்டான்: "போன வருசம் எதை வச்சும்மா முடிவெடுத்தீக?"

"வருகைதான். யாரு அதிக நாள் வேலைக்கு வரலியோ அவுக."

"ஏன் வரலைங்கிறதப் பாக்க வேண்டாமா?"

"அதையெல்லாம் பாத்தா முடிவே எடுக்க முடியாதுய்யா. ஆளாளுக்கு ஒரு காரணம் இருக்கும்."

பன்னிரண்டு தலைகளும் ஒன்றாக ஆடின. கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"முடிவாயிருச்சும்மா" என்றான் ஏழாமவன். "இந்த வருசம் எங்கள்ல யாரும் லீவு போடல. குழுவுல ஒருத்தர்தான் போட்டிருக்காக. மகளோட தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போனீகள்ல, நீங்க."

செண்பகவல்லி சிரித்துவிட்டாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"ஏய், நான் மேற்பார்வை பாக்குறவடா."

"சம்பளப் பட்டியல்ல குழுவுக்குப் பதிமூணு பேருன்னுதான் இருக்கும்மா. முடிவையும் அப்பவே சென்னைக்கு அனுப்பிட்டோம்."

அவள் மறுபடி டேவிட் ராஜமணியை அழைத்தாள்.

"பார்த்தேன், மேடம்" என்றார் அவர். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "நடைமுறைப்படி சரியா இருக்கு. உங்க பேரே வந்ததால உங்க கையெழுத்துக்குப் பதிலா மேலயே ஒப்புதல் குடுத்துட்டாங்க. மனுஷங்களை உருக்கறதில்லை, அது மட்டும்தான் வித்தியாசம். வெள்ளிக்கிழமை விண்கலத்துல உங்களை ஊருக்கு அனுப்பிடுவாங்க."

"சார், லீவ குடுத்ததே நீங்கதானே? பிள்ளையப் பெத்தவ தலைப்பிரசவத்துக்குப் போகாம இருப்பாளா?"

பெருமூச்சு விடும் நேரம் கழித்துப் பதில் வந்தது. "லீவு உங்க உரிமை, மேடம். அதை யாரும் தப்புன்னு சொல்லலை. ஆனா மதிப்பீடுன்னு வரும்போது..."

அவருக்கு அதை முடிக்கத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. கோவில்பட்டியில் பிரசவ விடுப்பு முடிந்து, பால் கட்டிய மார்போடு வந்து எதிரே உட்கார்ந்த ஒரு பெண்ணிடம் அவளும் இதே இடத்தில்தான் பேச்சை நிறுத்தியிருந்தாள். அந்தப் பெண்ணின் முகம் இப்போது ஞாபகம் வந்தது. பெயர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு விண்கலத்தின் வாசல் வரை வந்தார்கள். வேகமாக நடந்து பழகிய அவள் கால்கள் அன்று மெதுவாகத்தான் போயின. இரும்புக் கையால் ஏழாமவன் அவள் தோளைத் தொட்டான், ஒரு குழந்தையைத் தொடுவதுபோல.

"மனசுல வச்சுக்காதீகம்மா. உங்க மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

அவன் அதை மனதார நம்பித்தான் சொன்னான். அவளிடமிருந்துதானே கற்றுக்கொண்டான்.

"சரிய்யா" என்றாள் செண்பகவல்லி.