இடது பக்கம் வெளுத்த தகடுகள்

காரைக்குடி செக்காலை ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் நீலாயதாட்சியின் துப்பறியும் அலுவலகம் இருக்கிறது. துப்பறிவது என்றவுடன் கொலை, கொள்ளை, வைர நெக்லஸ் என்று யாரும் கற்பனையை அவிழ்த்துவிட வேண்டாம். வருகிற வழக்கெல்லாம் பெரும்பாலும் மாப்பிள்ளை குடிக்கிறானா, சிங்கப்பூர் வேலை நிஜந்தானா என்பதுதான். அவருடைய உதவியாளன் முத்துக்கண்ணன், ஓர் உருப்படியான குற்றம் வராதா என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். அப்படியெல்லாம் காத்திருக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

அன்று காலையில் வந்தவர் மாப்பிள்ளை விசாரிக்க வரவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எம்பேரு சூசைமரியான். புதுவயல் ரோட்டுல பிளேட் கம்பெனியில கோட்டிங் சூப்பர்வைசர். சாப்பிடுற பிளேட் இல்ல மேடம், அச்சடிக்கிற பிளேட்."

அவர் விளக்கிச் சொன்னது இதுதான். அலுமினியத் தகட்டின்மேல் பச்சை மருந்து பூசிக் காயவைப்பார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மருந்து கழுவும்போது கரைந்து போய்விடும். படாத இடத்தில் நிற்கும். நிற்கிற இடந்தான் அச்சில் மையைப் பிடிக்கும். ஆகவே அச்சகத்துக்குப் போய்ச் சேரும்வரை தகட்டின்மேல் வெளிச்சம் படவே கூடாது. மஞ்சள் வெளிச்சம் மட்டும் அதை ஒன்றும் செய்யாது என்பதால் தகடு நடமாடும் அறைகளில் எல்லாம் மஞ்சள் விளக்குதான்.

"இப்ப சிவகாசியில எங்க பிளேட்ட வச்சுக் காலண்டர் அடிச்சிருக்காக. கொஞ்ச நேரத்துலயே இடது பக்கம் வெளுத்துப்போச்சு. முருகன் இருக்காரு, மயில்ல பாதியக் காணோம். லோடு திரும்பி வந்துருச்சு. போட்டிக் கம்பெனிக்காரன்கிட்டக் காசு வாங்கிக்கிட்டு நான்தான் கோட்டிங் ரூம் கதவத் தொறந்து வெளிச்சத்த விட்டேன்னு முதலாளி சொல்றாக. சாயந்தரத்துக்குள்ள ஒத்துக்கணுமாம். இல்லாட்டிப் போலீசாம்."

கழுத்துப் பொத்தானைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.

"வேல போனாப் போகட்டும் மேடம். விலைபோனவன்னு பேரு வரக்கூடாது. ஞாயித்துக்கிழம கோயில்ல பைபிள் வாசகம் வாசிக்கிறவன் நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இனிமே அங்குட்டு நிப்பேன்?"

"வீட்டுல தெரியுமா?" என்று கேட்டார் நீலாயதாட்சி.

"என் சம்சாரம் பவுலினும் அங்கதான் வேல பாக்குது. நான் இங்குட்டு வந்தது அதுக்குக்கூடத் தெரியாது."

கம்பெனியைச் சுற்றி நாலா பக்கமும் அரிசி ஆலைகள். அவித்த நெல்லின் வாடை வாசலிலேயே ஆளைத் தள்ளியது. முதலாளி இளமாறன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தாத்தா நகை செய்தவர், அப்பா பாத்திரக்கடை வைத்தவர், இவர் தகட்டுக்கு வந்தவர். "தங்கத்துலருந்து அலுமினியத்துக்கு இறங்கிட்டான்னு எங்க சொந்தக்காரங்க கேலி பேசுறாக. அதையும் இப்பப் பறிகொடுத்துட்டு நிக்கப்போறேன்" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை.

"இந்த ஒரு சிவகாசிக் கம்பெனிய நம்பித்தான் மேடம் ஷெட்டு ஓடுது. ஒரு நல்லது, இந்த மாசம் பூச்சிக் கம்ப்ளெயிண்ட் மட்டும் வரல. முந்தியெல்லாம் பொழுது சாஞ்சாப் போதும், மில்லுகள்லருந்து பூச்சி வந்து தகட்டுல ஒட்டிக்கிரும். சூசையண்ணன எல்லாரு முன்னாடியும் கத்திருக்கேன்."

டீ குடிக்கச் சாப்பாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். ஸ்வீட் கடைகளில் தொங்குமே, அந்த மாதிரி மங்கலான ஊதாப் பூச்சி விளக்கு ஒன்று, பச்சைப் பேக்கிங் நாடாவில் தொங்கியது. ஓர் ஈ படக்கென்று பொரிந்து முத்துக்கண்ணனின் கிளாஸுக்குப் பக்கத்தில் விழுந்தது.

"டீக்குக் கடிச்சுக்கவும் குடுக்குறாக அக்கா" என்றான் அவன். நீலாயதாட்சி சிரிக்காமல் விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த கட்டுகள் குடோனில் கிடந்தன. ஒன்றைப் பிரித்து, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று தகடுகளை உருவிப் பார்த்தார். மூன்றிலும் இடது ஓரத்தில் பச்சை வெளிறியிருந்தது; வலது பக்கம் போகப்போகச் சரியாக இருந்தது.

முத்துக்கண்ணனுக்கு உடம்பெல்லாம் பரபரப்பு. "லாரிக்காரன்தான் அக்கா! வழியில கட்டப் பிரிச்சு வெயில் காட்டிருக்கான்!"

"அலுமினியத்துக்குள்ள புகுந்து வெளிச்சம் போகுமாடா? மேல இருக்கிற தகடுதான் கெடும். நடுவுல இருக்கிறதும் கெட்டிருக்கே."

அவன் உற்சாகம் வடிந்தது. "அப்பக் கோட்டிங் ரூம் கதவுதானா? நம்ம ஆளேவா?"

நீலாயதாட்சி இளமாறனைப் பார்த்தார். "திரும்பி வந்ததெல்லாம் எந்த ஷிப்டுல கட்டுனது?"

"ரெண்டாவது ஷிப்டு. பகல்ல கட்டுனதுல ஒரு குறையும் வரல."

"கோட்டிங் வேற வேறயா?"

"இல்ல மேடம், ஒரே சுருள்தான். வெட்டிப் பாதியப் பகல்ல கட்டுவாக, மீதிய சாயந்தரம் கட்டுவாக."

"கேட்டுக்கிட்டியா?" என்று முத்துக்கண்ணன் பக்கம் திரும்பினார். "கோட்டிங்ல கெட்டிருந்தா பகல் கட்டும் கெட்டிருக்கணும். கட்டுன பின்னாடி கெட்டிருந்தா மேல்தகடு மட்டும் கெட்டிருக்கணும். அப்ப வெட்டுனதுக்குப் பின்னாடி, கட்டுறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு தகடாத் தனித்தனியா வெளிச்சம் பட்டிருக்கு. தகடு தனியாப் படுத்திருக்கிற இடம் எது?"

அது பார்வை மேசை. இரண்டாவது ஷிப்டில் பவுலினம்மாவின் இடம்; அன்றைக்கு முன்னதாகவே வந்திருந்தார். தகட்டை ஒவ்வொன்றாக மஞ்சள் விளக்கின் கீழே விரித்து, பூச்சியோ புள்ளியோ இருக்கிறதா என்று பார்த்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு அடுக்குவது அந்தம்மாவின் வேலை. இடது பக்கச் சுவரில், அந்தம்மாவின் தோள் உயரத்தில், ஓர் ஆணி இருந்தது. பக்கத்திலேயே பிளக் பாயிண்ட். ஆணியின் கீழே தரையில் ஒரு பிடி பூச்சிச் சிறகுகள்.

"இப்பப் பூச்சி வாரதில்லையாமே?" என்று கேட்டார் நீலாயதாட்சி.

பவுலினம்மாவின் முகம் மலர்ந்தது. "எங்க வீட்டுக்காரரு திட்டு வாங்குனது போதும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். மாதா கண்ணத் தொறந்துட்டாக."

வெளியே வந்ததும் முத்துக்கண்ணனால் தாங்க முடியவில்லை. "மில்லு நிக்கல, பூச்சி மட்டும் எப்படி அக்கா நின்னுச்சு? அந்த விளக்குத்தானே!"

"அதேதான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல. எல்லாரையும் வச்சுக்கிட்டுச் சொல்லிட்டா எல்லாருக்கும் நிம்மதி."

நீலாயதாட்சி அன்றைக்குச் செய்த ஒரே பிழை அந்த நம்பிக்கைதான்.

பார்வை மேசையைச் சுற்றி இளமாறன், சூசைமரியான், பவுலினம்மா மூவரையும் நிறுத்தினார். மேசையில் ஒரு புதுத் தகட்டை விரித்து, முத்துக்கண்ணனின் பைக் சாவியை அதன்மேல் வைத்தார். கொட்டகையிலிருந்து கொண்டுவந்த விளக்கை, அதன் பச்சை நாடாவைக்கொண்டே ஆணியில் மாட்டிச் சுவிட்சைத் தட்டினார். மஞ்சள் வெளிச்சத்துக்கு நடுவில் அது எரிகிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. விளக்கைப் பார்த்த கணத்தில் சூசைமரியானின் கண் மனைவியின் பக்கம் போனது. அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஐயோ பாவம், அந்த மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை.

சற்றுப் பொறுத்து, "கழுவுங்க" என்றார் நீலாயதாட்சி.

சூசைமரியான் தகட்டைத் தட்டில் போட்டுக் கழுவினார். பச்சை கரைந்து, இடது பக்கம் வெறும் வெள்ளித் தகடாகியது. அதன் நடுவில் சாவியின் அச்சு மட்டும் பச்சையாக நின்றது.

"நம்ம கண்ணுக்கு இது மங்கல், தகட்டுக்கு இதுதான் வெயில்" என்றார் நீலாயதாட்சி. "மஞ்சள் விளக்கு எம்புட்டுப் பிரகாசமா எரிஞ்சாலும் தகட்டுக்குத் தெரியாது. இந்த ஊதாவுல இருக்கிறது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். பூச்சி அதத் தேடித்தான் வருது. பொழுது சாஞ்சதும் விளக்கு இங்க வந்திருக்கு, பகல்ல கொட்டகைக்குப் போயிருக்கு. சதியும் இல்ல, காசும் இல்ல. இது தெரியாம நடந்த தப்பு."

"யாரு மாட்டுனது?" என்றார் இளமாறன்.

"நான்தான்" என்றார் சூசைமரியான்.

"பொய்!" என்று கத்திவிட்டான் முத்துக்கண்ணன்.

"பொய்தான்" என்றார் நீலாயதாட்சி. "சாயந்தரம் கோட்டிங் ஓடும்போது இவரு ரூம விட்டு வெளிய வர முடியாது. இந்த வெளிச்சத்தோட குணமும் இவருக்குத் தெரியும். இவரு மாட்டிருக்க மாட்டாரு."

"நான்தான் முதலாளி மாட்டுனேன்." பவுலினம்மா முன்னால் வந்து நின்றார். "வெள்ளை வெளிச்சம் ஆகாதுன்னுதான் இவுக சொல்லிருக்காக. இது வெள்ளையும் இல்லையே, வெளிச்சமாவே இல்லையேன்னு நெனச்சேன். பூச்சி ஒட்டுச்சுன்னு இவுகள அம்புட்டுப் பேரு முன்னாடி நாயாட்டம் வெரட்டுனீகளே, எனக்குப் பொறுக்கல. அதான் வாங்கியாந்தேன். இவுக மேல ஒரு தப்பும் இல்ல."

இளமாறன் ஒரு கட்டின்மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது அம்புட்டும் நெசம். எனக்கே தெரியுது" என்றார் கடைசியில். "ஆனா இத நான் சிவகாசியில போயிச் சொன்னா என்ன கேப்பாக? பிளேட் செய்யிறவன், பிளேட்டுக்கு எந்த வெளிச்சம் ஆகாதுன்னு தெரியாமலா கம்பெனி நடத்துறான்னு கேப்பாக. அதுக்கப்புறம் எவனும் எங்கிட்ட ஒரு தகடு வாங்க மாட்டான். சதின்னா வேற. சதி செஞ்சவன வெளிய அனுப்பிட்டோம்னா, மறுபடி ஆர்டர் குடுப்பாக. அவுக என்னைய ஒரு பேருதான் கேட்டிருக்காக மேடம்."

"அதுக்காக ஒரு மனுசனத் திருடனாக்குவீகளா?" என்றார் நீலாயதாட்சி.

"இங்க வேல பாக்குற இம்புட்டுப் பேரயும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுறீகளா? வேற வழியிருந்தா நீங்களே சொல்லுங்க, கேக்குறேன்."

முத்துக்கண்ணன் அக்காவின் முகத்தையே பார்த்தான். எந்த முடிச்சையும் அவிழ்க்கிற அக்கா, ஆணியில் தொங்கிய விளக்கை அணைத்தார். அவனுக்கு அழுகை முட்டியது.

"போலீசு வேணாம்ல?" என்று கேட்டார் சூசைமரியான்.

"சத்தியமா வேணாம்ணே."

"பவுலினு வேலையில இருக்கட்டும்ல?"

"இருக்கட்டும்ணே."

"போனப் போடுங்க."

பவுலினம்மா அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டார். இளமாறன் சிவகாசிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினார்.

"ஆமா சார். சூசைமரியான்தான் பேசுறேன்." ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முழுக்கக் கேட்கிற குரல் அது. ஒரு சொல்லும் தடுமாறவில்லை. "நான்தான் செஞ்சேன் சார். காசு வாங்கிக்கிட்டுத்தான் செஞ்சேன். முதலாளிக்கு ஒண்ணும் தெரியாது. கம்பெனி மேல குத்தம் இல்ல."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அதையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கேட்டுக்கு வெளியே நால்வரும் நின்றார்கள். நீலாயதாட்சி, "நாளைக்கு நானே சிவகாசி போயிச் சொல்லுறேன்" என்றார். அவர் குரலிலேயே தெம்பில்லை.

"வேணாம் மேடம். எம்பேரு நல்லாயிரும், கம்பெனி படுத்துரும். அங்குட்டு இருக்கிற சனமெல்லாம் எங்கூட இருவது வருசமா சோத்துப் பொட்டலம் பிரிச்சுத் தின்னவுக."

பவுலினம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஏங்க பொய் சொன்னீக?"

"நீ உண்மையச் சொன்னியே, என்னாச்சு?"

உள்ளே இரண்டாவது ஷிப்டுக்கு மணி அடித்தது. "போ, நேரமாச்சு" என்றார் சூசைமரியான். "ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்தா அடுப்பு எப்படி எரியும்?"

பவுலினம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். சூசைமரியான் ரோட்டோரத்தில் நின்றார். பள்ளத்தூர் பஸ் வந்து, நின்று, அவர் ஏறாததால் கிளம்பிப் போனது. முத்துக்கண்ணன் பைக்கை உருட்டிக்கொண்டு வந்து, "அண்ணே, வீட்டுல விடவா?" என்றான்.

"ஞாயித்துக்கிழமையே வராத இடமாப் பாத்து விட்டுரு தம்பி" என்றார் அவர். ஆனால் ஏறவில்லை.