இடது குழல்

துப்பாக்கியின் மரப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி. அப்பா செத்த நாளிலிருந்து அது இருந்த அலமாரி பூட்டியே கிடந்தது. சாவி அவளிடம். வெயில் அந்த மூலையை எட்டிக்கூடப் பார்க்காது. இருந்தாலும் அவள் அதைச் சட்டை செய்யவில்லை. பதினொரு வருஷமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள் எதற்கெடுத்தாலும் திடுக்கிட்டால் பிழைப்பு நடக்குமா?

கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அப்பாவும் அங்கேதான் வைப்பார். கோபம் வந்தால் தட்டுக்குப் பக்கத்தில் அதைக் கிடத்திவிட்டு நிதானமாகச் சாப்பிடுவார். ஒரு நாளும் சுட்டதில்லை, சுடவேண்டிய அவசியமும் வந்ததில்லை. அம்மா எட்ட நின்று பரிமாறுவாள், அண்ணன் வாயில் இருப்பதை விழுங்காமல் உட்கார்ந்திருப்பான். தாத்தாவின் துப்பாக்கி அது. அப்பா அதை அவள் பெயருக்குத்தான் எழுதிவைத்திருந்தார்.

காலையிலேயே அண்ணன் போன் செய்திருந்தான். "விலையெல்லாம் பேசாதம்மா. ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டுக் கையைக் கழுவு. அதுக்கு விலை பேசறவன் கையைச் சும்மா விடமாட்டேன்னு அப்பா சொன்னது ஞாபகம் இல்லையா?"

"அவர் இருந்தப்போ பயந்தது பத்தாதாண்ணே? இதை வித்து அம்மாவுக்கு வேற வீடு பார்க்கப் போறேன். இந்த மேசைகிட்ட அவங்க இன்னும் வரமாட்டேங்கறாங்க."

பழைய துப்பாக்கிகளுக்கு விலை மதிப்பவர் மூன்று மணிக்கு வந்தார். கனத்த உடம்பு. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. "உங்க அப்பா கீழ்வீட்டுல குடியிருந்திருக்கக் கூடாதா," என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் சிரித்து நாளாகியிருந்தது.

அவர் பூதக்கண்ணாடியை வைத்து இரும்பில் குத்தியிருந்த முத்திரைகளைப் பார்த்தார், கட்டைவிரலால் மரத்தைத் தடவினார். "நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். கட்டை மாத்தலை, துரு இல்லை. குழல் ரெண்டும் உள்ளே அரிக்காம இருந்தா நல்ல விலை போகும்மா." ஒரு கொக்கியை இழுத்து இரட்டைக் குழலைக் கட்டையிலிருந்து தனியே கழற்றினார். மூக்கருகே கொண்டுபோனவர் நிமிர்ந்தார்.

"இன்னைக்கு யாரு சுட்டது?"

"நாப்பது வருஷமா யாரும் சுடலை. வீட்டுல தோட்டாவே கிடையாது."

அவர் வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு இழுத்தார். துணி கரியாக வந்தது. எரிந்த வெடிமருந்தின் நெடி மேசையைத் தாண்டி, திரைச்சீலையைத் தாண்டி, அம்மா கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த அறைவரை மெல்லப் பரவியது. உள்ளே அம்மா ஒரு தரம் இருமினாள்.

அவர் குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் கண்ணை வைத்தார். "வலது சுத்தம்." இடதுக்கு நகர்ந்தார். குழலை இன்னும் கொஞ்சம் கண்ணோடு அழுத்தினார். பிறகு குழலை மேசையில் வைத்துவிட்டுப் பையை மூடினார்.

"இதுக்கு நான் விலை சொல்லலை."

"என்ன பார்த்தீங்க?"

"என்னை ஒண்ணு பார்த்துச்சும்மா."

படிகளில் அவர் செருப்புச் சத்தம் ஓட்டமாக இறங்கியது.

போகிறவர் போகட்டும். ஊரில் விலை சொல்ல வேறு ஆளா இல்லை? குழலை எடுத்தாள், ஜன்னலுக்கு நேராகத் தூக்கினாள். வலது குழலில் வட்டமாக வெள்ளை வெளிச்சம், சுத்தமாக.

இடது குழல். இருட்டு.

இருட்டு ஈரமாக மின்னியது. அசைந்தது. நடுவில் ஒரு கருமணி, சுற்றிலும் சிவந்த நரம்புகள். இமை ஒருமுறை மூடித் திறந்தது.

அவள் கண்ணை எடுக்கவில்லை. குழலைத் தாழ்த்தவில்லை.

"விக்கத்தான் போறேன்," என்றாள். குரல் நடுங்கியது. மறுபடி சொன்னாள், நடுங்காமல். "கேட்டுச்சா? விக்கத்தான் போறேன்."

குழலின் மறுமுனை கனத்தது.

கண்ணை எடுத்துப் பார்த்தாள். ஜன்னல். கம்பி. வெறும் வெளிச்சம். ஆள் இல்லை. குழலின் வாயை மட்டும் நான்கு விரல்கள் சுற்றிப் பிடித்திருந்தன. மணிக்கட்டுக்கு அப்பால் எதுவும் இல்லை.

விரல்கள் இழுத்தன.

அவள் காலை அகட்டி ஊன்றினாள். பல்லைக் கடித்தாள். தன் பக்கம் இழுத்தாள்.