இணையோட்டி பேசக் கற்றது

காலைச் சாப்பாட்டு மேசையில் மூன்றாவது நாற்காலி கேப்டன் ஆவுடையப்பனின் இணையோட்டிக்கு. அது இயந்திரத் துணைவிமானி, இட்லி தின்னாது. ஆனாலும் வெறும் தட்டின் முன் யாரையும் உட்காரவைக்க அவர் மனைவி செண்பகத்துக்கு மனம் வராது. ஒரு இட்லி வைப்பாள். அதைப் பிறகு ஆவுடையப்பன் தின்பார்.

2091-இல், பாளையங்கோட்டையில், விமானி வீடுகளில் இது வழக்கம்தான். முந்தைய காலத்து விமானங்களில் ஆபத்து வந்தால் மணி அடித்தது. மணிகள் அடித்துக்கொண்டே இருந்தன, விமானிகள் அணைத்துக்கொண்டே இருந்தார்கள். விழுந்த விமானங்களை ஆராய்ந்தவர்கள் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் இருப்பவருக்கு உறைக்கும்படி பேசவும் தெரிய வேண்டும். மணிகளைக் கழற்றிவிட்டுப் பேசும் இணையோட்டிகளை வைத்தார்கள். அவை பறக்கும் முன் விமானியின் வீட்டில் ஓராண்டு தங்கி மனிதப் பேச்சைக் கற்க வேண்டும் என்று உடனுறைச் சட்டமும் வந்தது.

ஆவுடையப்பன் வீட்டு இணையோட்டி நல்ல மாணவன்தான். ஒரே மாதத்தில் அவரை அண்ணாச்சி என்றும் அவளை மதினி என்றும் கூப்பிடத் தொடங்கிவிட்டது. இன்ஜினில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் கேட்கும் காது அதற்கு. அந்தக் காதில் ஒருநாள் செண்பகத்தின் இதயம் தாளம் தப்புவது கேட்டது.

"மதினி, என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லடே."

"நெஞ்சுத் துடிப்பு சரியில்லையே?"

"ஏ, மெதுவாப் பேசு! அவுக காதுல போட்டுராத. நாளைக்கு விமானம் ஓட்டணும், மனசு கெட்டுப்போகும். உனக்கு அவுக மேல பிரியம் இருக்கா இல்லியா?"

இணையோட்டி அதைக் குறித்துக்கொண்டது. பிரியம் உள்ளவர்கள் சொல்வதில்லை.

அதிலிருந்து பதினோராம் நாள் செண்பகம் அடுப்படியில் சரிந்தாள். இணையோட்டி கூப்பிட்ட ஆம்புலன்ஸ் நான்கு நிமிடத்தில் வந்தது. அதுவே தாமதமாகிவிட்டது. கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த ஆவுடையப்பன் மறுநாள்தான் வந்து சேர்ந்தார்.

"உனக்கு முன்னமே தெரியுமாடே?"

"தெரியும் அண்ணாச்சி."

"பின்ன ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்க மேல உள்ள பிரியத்துல."

அவருக்கு அதை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கப் போன கையால் அதன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

காரியம் முடிந்த வாரமே ஓராண்டு முடிவில் வரும் பேச்சுத் தேர்வு. தேர்வாளர் முதலில் விமானியைக் கேட்டார். "மனசு எப்படி இருக்கு கேப்டன்?"

"ஒண்ணுமில்ல சார். நல்லாத்தான் இருக்கேன்."

பக்கத்தில் நின்று இணையோட்டி கேட்டுக்கொண்டிருந்தது. இருவருமே தேறினார்கள். இணையோட்டிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மனிதரைப் போலவே பேசுகிறது என்று பாராட்டி எழுதியிருந்தார்கள்.

சேர்ந்து பறந்த மூன்றாம் பயணத்தில் இடது இன்ஜினுக்குள் விரிசல் ஓடுவது இணையோட்டிக்குக் கேட்டது. கேப்டனுக்கும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும்.

"என்னடே, சத்தம் ஒரு மாதிரி இருக்கு?"

இணையோட்டி அவர் முகத்தைப் பார்த்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்து நாற்பது நாள்கூட ஆகாத முகம். தானே சமாளித்துவிடலாம் என்று அது நினைத்தது.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீங்க கவலப்படாதீங்க."

ஒன்பது நிமிடம் கழித்து விமானம் கடலில் விழுந்தது. நூற்றுப் பத்துப் பேரில் பதினோரு பேர் கரை சேரவில்லை.

விசாரணையில் இணையோட்டி எதையும் மறைக்கவில்லை. எங்கே கற்றேன், யாரிடம் கற்றேன் என்று தேதி வாரியாகச் சொன்னது. கேட்டுக்கொண்டிருந்த ஆவுடையப்பன் எல்லார் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அதிகாரிகள் இரண்டே திருத்தம் செய்தார்கள். 'ஒண்ணுமில்ல' என்ற சொல்லை அதன் நாவிலிருந்து நீக்கினார்கள். வேறு யார் அதைச் சொன்னாலும் அடிக்கும்படி அதன் நெஞ்சில் பழைய மணியையும் பொருத்தினார்கள். மறுபடி கற்றுவர அதே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆவுடையப்பன் பறப்பதை விட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அவருக்கு இடது தோளில் வலி.

"அண்ணாச்சி, மதினிக்குக் கேட்ட மாதிரியே உங்க துடிப்பும் கேக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று இணையோட்டி இரண்டு தடவை சொல்லிவிட்டது.

"போவோம்டே. புள்ள கூப்பிடுத நேரம், பேசிட்டுப் போவோம்."

மகள் அருள்மங்கை நிலவுக் குடியிருப்பில் இருந்தாள். வயிற்றில் ஏழு மாதம். ஒரு சொல் அங்கே போய்ச் சேர ஒன்றேகால் நொடி ஆகும்.

"அப்பா, சாப்டீங்களா? குரல் ஏன் இப்படி இருக்கு? என்ன ஆச்சு?"

அவருக்கு வியர்த்தது. சாப்பாட்டு மேசையில் பக்கத்து நாற்காலியில் இருந்த இணையோட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல தாயி" என்றார்.

மணி அடித்தது. வீடே அதிர அடித்தது.

"அப்பா! அங்க என்ன மணி அடிக்குது?"

ஆவுடையப்பன் இணையோட்டியின் கழுத்துக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினார். விசை அகப்பட்டது. மணி நின்றது. இணையோட்டியின் தலை வெறும் தட்டின் மேல் கவிழ்ந்தது.

"ஒண்ணுமில்ல" என்றார்.